இரண்டு இடத்திலும் பத்து நிமிடம்

தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அவள் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வாள்.

அவளை நான் முதன்முதலாகக் கண்டித்தது இதற்காகத்தான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். அப்போது நான் கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு மலைத் தேயிலைத் தோட்டத்தில் கிராணி. கொழுந்து எடை, ஆள் வரவு, மருந்துப் பீப்பாய்கள் எல்லாம் என் பதிவேட்டில்தான் ஏறும். அவள் மேல்மலையில் மண்டோர். முப்பத்தொரு பேரிடம் வேலை வாங்குபவள். அந்த முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கும் நம் பெண்கள். பத்தொன்பது பேர் நேப்பாளத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆண்கள்.

பத்து மணிக்கு அவள் விசில் ஊதுவாள். பெண்கள் மட்டும் கூடையை இறக்கிவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறப்பார்கள். அவளும் உட்காருவாள். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது விசில். பெண்கள் எழுந்து தேயிலை நிரைக்குப் போவார்கள். நேப்பாளிகள் கொழுந்து வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியடிக்கு வருவார்கள். அவள் கல்லிலிருந்து எழுந்து, தொட்டியடிக்குப் போய், அவர்களோடு இன்னொரு டீயைத் தொடங்குவாள்.

மூன்று நாள் பார்த்துவிட்டு நான்காவது நாள் கேட்டேன்.

"என்ன பிள்ள, பிரேக் பத்து நிமிஷந்தானே?"

"ஆமாங்கய்யா. அங்க பத்து, இங்க பத்து."

"கூட்டிப் பாரு. இருபது வருது."

"அங்க அஞ்சு இங்க அஞ்சுன்னு ஒக்காந்தா நான் ரெண்டு எடத்துலயும் விருந்தாளி லா கிராணி. பாதி டீயில எந்திரிச்சுப் போறவள யாரு சொந்தம்னு நெனப்பா?"

கல்லில் இருந்த ஒருத்தி சொன்னாள்: "ஒரு வயித்துல ரெண்டு டீ. அதான் இவளுக்கு இவ்ளோ கொரலு."

"நீ ஒரு டீயிலயே நிரையில நின்னுக்கிட்டே தூங்குறியேக்கா, அதச் சொல்லு கிராணிகிட்ட."

எடுத்துக்கொண்ட பத்து நிமிடத்தை அவள் மாலையில் திருப்பித் தந்துவிடுவாள். சங்கு ஊதிய பிறகும் நின்று, கொழுந்து மூட்டைகளின் வாயைப் பிரித்து, முற்றிய இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருப்பாள். பதினைந்து வேலை நாட்கள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினான்கு நாட்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றாள். ஒரு நாள் ஒன்பது நிமிடம், அன்று மழை. நான் அதை மேலே எழுதி அனுப்பவில்லை. எழுதாமல் விட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புரட்டாசி மாதத்தில் நவராத்திரியும் அவளுடைய தகப்பன் வீட்டு நேப்பாளத் திருவிழாவான தசைனும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வரும். விஜயதசமியன்று அவள் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்வாள். பிறகு வீட்டுக்குப் போய்த் தகப்பன் முன்னால் குனிந்து நிற்பாள். அவர் தயிரிலும் சிவப்பிலும் பிசைந்த அரிசியை அள்ளி அவள் நெற்றியில் அப்புவார். நம் ஊர்ப் பொட்டு மாதிரி அல்ல, உள்ளங்கை அகலம். திருநீற்றை அழிக்கவும் மாட்டாள், அரிசியைக் குறைக்கவும் விடமாட்டாள். அந்த நெற்றியோடு என் மேசைக்கு வந்து ஆள் வரவு ஒப்பிப்பாள். குனியும்போது அரிசி உதிர்ந்து பதிவேட்டின் மடிப்பில் விழும். ஒரு வருடம் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது அரிசி. ஊதித் தள்ளிவிட்டு, "துடைச்சிட்டு வரக்கூடாதா?" என்றேன்.

"எத ஐயா தொடைக்கணும்?" என்று கேட்டாள்.

அவள் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

தீபாவளி கதை இன்னும் வேடிக்கை. அவள் தகப்பன் ஊரில் அன்றைக்கு நாய்க்குப் பூசை. விடியுமுன்னே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டி, நம்மைப் போலவே கோயிலுக்குப் போய்விட்டு வருவாள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செவ்வந்தி மாலைகளை நிரப்பிக்கொண்டு லயம் லயமாக நடப்பாள். எங்கள் தோட்டத்தில் அப்போது இருபத்திரண்டு நாய்கள். ஒவ்வொன்றுக்கும் மாலை, நெற்றியில் சிவப்பு, தின்ன ஒரு துண்டு இறைச்சி. என் வீட்டு நாய் அதுவரை நான்கு பேரைக் கடித்திருந்தது. அவள் கையை மட்டும் நக்கியது.

என் மனைவி வாசலில் நின்று, "நாய்க்கு எதுக்குடி மாலை? இந்த மனுசன் எனக்கே ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல" என்றாள்.

"கேட்டா வாங்கித் தருவாரு ஆன்ட்டி. நீங்க வாலாட்டத் தெரியாம இருக்கீங்க."

என் மனைவி அன்று மதியம் வரை சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை. மாலை போட்ட நாய் ஒன்று கோயில் வளாகத்துக்குள் போய்ப் படுத்துவிட்டது என்று கோயில் தலைவர் என்னிடம்தான் வந்து கத்தினார். கோயில் குழுவிலும் நான்தான் செயலாளர். அவளைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு ஒரு தீபாவளி போதாதா என்று கேட்டேன். அடுத்த வருடம் நாய்களை முன்கூட்டியே தன் வீட்டுப் பின்புறம் கட்டிவைத்து மாலை போட்டாள். மாலையைக் குறைக்கவில்லை. இடத்தைத்தான் மாற்றினாள். அதற்கடுத்த வருடம் லயத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு முதல் நாளே நாய்களைக் குளிப்பாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எதையும் பாதியாகச் செய்யத் தெரியாதவள். எனக்கு அவளிடம் பிடிக்காததும் அதுதான்.

அவளுடைய தாய் கொழுந்து பறித்தவள். தமிழ்நாட்டிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். பிற்பாடு இந்த நாட்டுக் குடியுரிமையும், குடிமக்களுக்கான அடையாள அட்டையான நீல ஐசியும் வாங்கியவள். தகப்பன் நேப்பாள மலைக்காரர். இளைஞனாக மாமன் ஒருவரோடு புறப்பட்டு, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றவர். எல்லாரும் அவரைக் கூர்க்கா என்றுதான் கூப்பிடுவோம். தான் கூர்க்கா இல்லை, வேறு ஊர், வேறு கூட்டம் என்று அவர் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம். அரசாங்கத்தில் பதியவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பத்தில் ஏழு கல்யாணம் அப்படித்தான்.

இப்போது அந்த வேறொரு காரணம்.

தோட்டத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திர விண்ணப்பம் எழுதுவதும் என் வேலைதான். மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போவேன். அவள் பிறந்த எட்டாவது நாள் கூர்க்கா வந்தார். சீருடையைத் தேய்த்துப் போட்டு, தங்கள் ஊர்ப் பூப்போட்ட தொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்று தன் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊரையும், மாவட்டத்தையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். விண்ணப்பத்தில் எழுதவில்லை. தகப்பன் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பதியாத கல்யாணம், வெளிநாட்டுக்காரத் தகப்பன் என்று எழுதினால் நான்கு கேள்வி வரும். இரண்டு முறை அலைய வேண்டும். பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில் இழுபறி வந்தாலும் வரும். தாய் பெயர் மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. இரக்கத்தால்தான் செய்தேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி இரக்கம், பாதி, இன்னொரு முறை பஸ் ஏற அலுப்பு.

கூர்க்காவுக்கு மலாய் எழுத்து படிக்கத் தெரியாது. பத்திரம் வந்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அவளுக்கு இருபத்தாறு வயதில் பக்கத்துக் கம்போங் ராஜா ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை காய்கறி லோரி ஓட்டுபவன். நல்ல பையன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்ததால், பெண் வீட்டுப் பெரியவர்களாக நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்தோம். அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. பையன் அவளைப் பார்த்து ஒருமுறை சிரித்தான், அவளும் சிரித்தாள். கூர்க்கா பூப்போட்ட தொப்பியோடு மூலையில் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பையனின் தாய் மெதுவாக ஆரம்பித்தாள். "எங்க பக்கத்து ஆளுங்க நெறைய பேரு வருவாங்க. தாரை வார்க்கும்போது மட்டும் அப்பா எடத்துல கிராணியாரு நின்னா நல்லா இருக்கும். அவரும் வரட்டும், யாரு வேணாம்னு சொன்னா? ஒரு சைடுல ஒக்காந்துக்கட்டும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அரை மணி நேரம்தானே, நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் டீ தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "எல்லாரும் டீ குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"குடிச்சிட்டோம்மா."

"அப்ப மழை வர்றதுக்குள்ள கெளம்பிருங்க. ரோட்டுல மண்ணு சரியுது."

அவர்கள் போன பிறகு கூர்க்கா அரைகுறைத் தமிழில், "ஏன் போச்சு? பையன் நல்லா இருக்கு" என்றார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். என்ன சொன்னாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு நாய்ன்னா பயமாம்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு இரண்டு சம்பந்தம் வந்தன. இரண்டும் அதே இடத்தில்தான் முறிந்தன. பிறகு வரவில்லை.

நான் ஓய்வு பெற்று பிரிஞ்சாங்குக்கு வெளியே ஒரு சிறிய வீட்டில் குடியேறினேன். பெரிய மகன் கோலாலம்பூரில், சின்னவன் ஆஸ்திரேலியாவில். சனி ஞாயிறுகளில் வாசலில் சுற்றுலா கார்கள் நகராமல் நிற்கும். எண்ணத் தொடங்கி நூற்றுக்கு மேல் போனதும் உள்ளே வந்துவிடுவேன். அவள் மாதம் ஒருமுறை வருவாள். என் மனைவிக்குக் கீரை கொண்டுவருவாள். என் முழங்காலை விசாரிப்பாள். பத்திரத்தின் அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் இருக்க வழியே இல்லை. பள்ளிக்கூடத்திலும் ஐசியிலும் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் இருக்கும், அவளுக்கு இருக்காது.

நான்கு வருடத்துக்கு முன்னால் கூர்க்கா இறந்துபோனார். நெஞ்சுச் சளி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆறாவது நாள் விடியலில் போய்விட்டார். மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் என் வீட்டுக்கு வந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அந்தப் பிறப்புப் பத்திரம்.

"பாடியக் குடுக்க மாட்டேங்கறாங்கய்யா."

"ஏன்?"

"அப்பா கையில இருக்கறது நேப்பாள் பாஸ்போர்ட்டு. வெளிநாட்டுக்காரரு. மகள்னா காயிதம் காட்டணுமாம். காட்டினேன். இதுல அவரு பேரு இல்லையேன்னாங்க. அவங்க மேல தப்பில்ல. மரியாதையாத்தான் சொன்னாங்க."

வேறு வழி இருந்தது. அதைத் தோட்டத்து மானேஜரே சொல்லியிருந்தார். உறவினர் யாரும் இல்லை என்று ஒரு படிவத்தில் எழுதி, தோட்டம் பொறுப்பேற்பதாக அவர் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே உடலை எடுத்துவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து எந்த முறைப்படி வேண்டுமானாலும் சடங்கு செய்துகொள்ளலாம். நல்ல மனிதர். உதவிதான் செய்ய நினைத்தார்.

"அப்படியே செஞ்சிரலாமே பிள்ள. காயிதத்துல என்ன இருந்தா என்ன? அவரு ஒங்கப்பான்னு ஊருக்கே தெரியும்."

"உறவு இல்லைன்னு எழுதி அவர வெளிய எடுக்கணுமா?"

"ஒரு வரிதான்."

"அந்த ஒரு வரிதான்யா இத்தன வருசமா இல்ல."

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள். பத்து வயதிலேயே அவளுக்குத் தெரியும். தகப்பனிடம் சொல்லவில்லை. அவர் வருடத்துக்கு ஒருமுறை, அவள் பிறந்த நாளில், பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாராம். அவள் தன் பெயரையும் தாயின் பெயரையும் படித்துவிட்டு, காலியாக இருக்கும் கட்டத்தில் விரலை வைத்து, அவர் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் எழுதியிருப்பதைப் போலப் படிப்பாளாம். போன வருடமும் படித்தாளாம்.

"ஒங்ககிட்ட கேட்டா நீங்க போயி அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுருவீங்கன்னு பயம். அப்புறம் அவருக்குத் தெரிஞ்சிரும். அதான் கேக்கல." அவள் உறையை மேசையில் வைத்தாள். "இப்ப கேக்கலாம். நீங்க வந்து சொல்லணும். அவரு வந்தாரு, பேரு சொன்னாரு, நாந்தான் எழுதலன்னு. சத்தியக் கடிதம் குடுத்தா பாத்துக்கலாம்னாங்க."

தெரிந்தே அரசாங்கத்துக்குக் குறைத் தகவல் கொடுத்தவன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? எழுபத்து மூன்று வயதில்? அதை அவளிடம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன், அதுவும் பொய்யல்ல. "அப்பா வெளிநாட்டாருன்னு இப்பப் போயி எழுதினா ஒன் நீல ஐசியவே தோண்டிப் பாப்பாங்க பிள்ள. அது போச்சுன்னா வேல, வீடு, மருந்து எல்லாம் போச்சு. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனா பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அவர உட்டுட்டு ஐசிய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் சரி என்று எழுந்து போனாள்.

மூன்று நாள் யோசித்தேன். அந்த மூன்று நாளும் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நம் வழக்கப்படி, பிணம் எடுக்கும்வரை அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். தகப்பன் வழக்கப்படி துக்கம் காப்பவர் உப்புச் சேர்க்கக்கூடாது. உடலை எடுத்த பிறகு காக்கவேண்டிய அந்த நோன்பை அவள் முதல் நாளே தொடங்கிவிட்டாள். ஆகவே லயத்துப் பெண்கள் முறைவைத்து உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார்கள். என் மனைவியும் பஸ் ஏறிப் போனாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை கஞ்சியை வாளியில் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மூணு நாளா உப்பில்லாம ஆக்குறேன். இன்னும் எத்தன நாளைக்குக் கணக்குப் பாக்கப் போறீங்க?"

நான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

சத்தியக் கடிதத்துக்கு முத்திரை வாங்க ஒரு மணி நேரம். மருத்துவமனை அலுவலகத்தில் இன்னொரு மணி நேரம். அங்கிருந்த அதிகாரி என் பெரிய மகன் வயதுடையவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். குறிப்பேட்டில் கூர்க்காவின் பெயர் இருந்த பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டார். பிறகு மலாயில், கோபமில்லாமல், இப்படிக் கட்டத்தைக் காலியாக விட்டது இது ஒன்றுதானா என்று கேட்டார்.

அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்றுதான் என்றேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு மகளிடம் உடலைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உறவுமுறை எழுதும் இடத்தில், 'மகள்' என்பதை மலாயில் பெரிய எழுத்துகளில் எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவை உடனே எடுக்கவில்லை.

மறுநாள் எடுத்தோம். பெண்பிள்ளை கொள்ளி வைப்பதா என்று லயத்திலும் முணுமுணுத்தார்கள், நேப்பாளிகளிலும் இரண்டு பேர் தயங்கினார்கள். இரு பக்கமும் ஒன்றுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். அவள் இரண்டு பக்கத்தாரும் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, தானே வைத்தாள். கருமாதிக்கு நாள் குறிக்க வந்த பண்டாரம், "அவங்க பதிமூணுன்னு சொல்றாங்க, நம்ம பதினாறு. ரெண்டுல ஒன்ன முடிவு பண்ணு தாயி" என்றார்.

"ரெண்டும் முடிவு பண்ணியாச்சு பண்டாரம்."

பதிமூன்றாம் நாள் நேப்பாளிகள் வந்து அவர்கள் முறைப்படி முடித்தார்கள். அதோடு உப்புத் தடை நீங்கியது. ஆனாலும் அவள் பதினாறு வரை உப்புத் தொடவில்லை. எங்கள் பதினாறும் குறையக்கூடாது என்று.

பதினேழாம் நாள் என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். என் மனைவி வைத்த சாம்பார்ச் சோற்றை உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஒன்னுன்னு சொன்னீங்க."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"அந்த ஆபீசரு படம் எடுத்தப்ப நோட்டுல அடுத்த பக்கமும் எனக்குத் தெரிஞ்சிச்சு. அதுலயும் ஒரு பேரு, ஊரு இருந்திச்சு. நீங்க எதையும் எண்ணாம உட்டதில்ல. எத்தனய்யா?"

"ஒன்னோட சேத்துப் பன்னண்டு."

ஜாவாவிலிருந்து வந்த இரண்டு பேர், ஃபுளோரஸ் தீவுக்காரர் ஒருவர், தென் தாய்லாந்திலிருந்து வந்த ஒருவர், ஐசி கிடைக்காத நம் ஆட்களே ஏழு பேர். எல்லாரும் வந்து என் மேசை முன்னால் நின்று பெயர் சொன்னவர்கள்தான். பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பாதி இரக்கம்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த அப்பன்மாரும் ஒவ்வொருத்தரா சாவாங்க லா ஐயா. அந்தப் புள்ளைங்களும் ஒரு நாளு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்."

"நான் என்ன செய்யணும்ங்கற?"

"போவோம். ஞாயித்துக்கிழம நான் கார எடுத்துட்டு வரேன்."

பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு வீடுகளுக்குப் போனோம். தேடிக் கண்டுபிடிக்கத்தான் நாள் ஆனது. முதல் வீட்டில் நான் மன்னிப்பிலிருந்து ஆரம்பித்து, கால் மணி நேரம் என்னைப் பற்றியே பேசிவிட்டேன். காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல பேரச் சொல்லுங்க. அதுதான் அவங்களோடது." ஒரு வீட்டில், அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை, எனக்கு எதுக்கு லா அது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு தகப்பன் ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். இன்னொருவன் மூன்று வருடத்துக்கு முன்பே தகப்பனை எடுத்துவிட்டானாம். உறவு இல்லை என்று எழுதித்தான் எடுத்தானாம். அவன் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

அவளுடைய பத்திரத் திருத்தம் இன்னும் முடியவில்லை. நீல ஐசி கையில்தான் இருக்கிறது. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். மேல்மலையில் இயந்திரம் வந்து ஆட்களைக் குறைத்தபோது அவள் கம்போங் ராஜாவுக்கு அப்பால், லோஜிங் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு மேற்பார்வைக்குப் போய்விட்டாள். போனில் பேசுவாள். முழங்காலை விசாரித்துவிட்டு, எத்தனை பாக்கி என்று கேட்பாள். நான்கு என்பேன். ஒரு வருடமாக நான்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறித் தனியாகப் போனேன். தானா ராத்தா டவுனுக்குப் பின்னால் ஒரு மேட்டு வீடு. எழுபத்திரண்டு படிகள். முப்பதாவது படியில் உட்கார்ந்தேன். ஐம்பதாவதில் மறுபடி உட்கார்ந்தேன். மேலே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, கையில் ஈரத் துணியோடு படியோரம் வந்து நின்று, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் தகப்பன் பெயரைச் சொன்னேன்.